பொறுமையாரின் மூக்கு

"வெளியே போ!"

திறந்த கதவு அதே வேகத்தில் மூடிக்கொள்ளப் பார்த்தது. சபினோ வலது காலை இடையில் நுழைத்தான்.

"பார்த்து சார். ஷூ புதுசு. நசுங்கினா கடைக்காரன் திரும்ப வாங்க மாட்டான்."

"சார் இல்ல. தோம் பல்தசார்." கதவிடுக்கில் தெரிந்த நரைத்த மீசை துடித்தது. "தோம்ங்கிற பிரபுப் பட்டத்தோட ஒன்பது தலைமுறையா இந்த வீட்டுல இருக்கிற குடும்பம். மரியாதை தெரிஞ்சு பேசணும்."

"மன்னிக்கணும். 'தோம்'னதும் தொண்டையில ஏதோ சிக்கிக்கிச்சுன்னு நினைச்சுட்டேன்."

"சபினோ, போதும்." அவனுக்குப் பின்னால் லியோகாடியா யூகலிப்டஸ் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். லிஸ்பன் போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்து சொந்தமாகத் துப்பறிபவள். அவள் உதறியபோது போலீஸ் ஒரு கேக் வெட்டிக் கொண்டாடியது என்று அவளுடைய உதவியாளன் சபினோ சொல்வான். "உள்ளே ஒரு பொம்பளையை விலங்கு போட்டு உட்கார வெச்சிருக்கீங்க. அவளைப் பார்க்கணும்."

"என் வீட்டுல நீ யாரைப் பார்க்கணும்னு நான்தான் முடிவு பண்ணணும்."

"விட்டுடுங்க தோம்." உள்ளிருந்து இன்னொரு குரல் அலுத்துக்கொண்டது. "கதவைச் சாத்தினா அந்தம்மா ஜன்னல் வழியா வரும். எனக்கு அது பழக்கம்."

கதவு திறந்தது. முதலில் நுழைந்த சபினோ மாடிப்படியை நோக்கித் திரும்பினான். 'சர்'ரென்று ஒரு சத்தம். அவனுடைய கோட்டுப் பை, சுவரில் மாட்டியிருந்த தங்கமுலாம் மரச்சட்டத்தின் முனையில் சிக்கிக் கிழிந்தது.

"இதென்ன அநியாயம்! போன வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்கு இந்தப் படியில ரெண்டு பேர் கைகோத்து ஏறினோம். இப்ப ஒருத்தன் போனாலே இடிக்குது. மேடம், பொறுமையாருக்குத் தொப்பை போட்டிருக்கு!"

பொறுமையார் என்பது அந்தத் தெரு வைத்த பெயர். மாடிப்படியின் அடியில், சுவரில், ஆளுயரத்துக்கு நிற்கும் ஒரு வாயில்காப்போன். எல்லாம் பீங்கான் ஓடுகள். வெள்ளைப் பரப்பில் நீல வண்ணம். ஒரு கையில் ஈட்டி, இன்னொரு கையில் கழற்றிய தொப்பி, 'மேலே வாருங்கள்' என்று லேசாகக் குனிந்த தலை. பிரபுக்கள் வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விருந்தாளியை வரவேற்க இப்படி ஒருவரை வரைந்து சுட்டுப் பதித்து வைத்த காலம் ஒன்று இருந்தது. அப்புறம் பூகம்பம் வந்தது. மேல்மாடி இடிந்து விழுந்தது. பொறுமையார் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்தபடியே நின்றார். பக்கத்துச் சுவரை நிரப்பக் கொத்தனார்கள் இடிபாட்டில் கிடைத்த ஓடுகளைக் கைக்கு வந்தபடி ஒட்டிவிட்டுப் போனார்கள். அதனால் இன்றைக்கும் அந்தப் படியில் ஒரு தேவதையின் கன்னத்தை ஒட்டி மீன்வால் இருக்கும். கப்பலின் பாய்மரத்தில் திராட்சைக் கொத்து காய்க்கும். காலை வெயில் கதவு வழியாக வந்து அதன்மேல் விழுந்தால், அந்தக் குழப்பம் முழுக்கக் கடல் மாதிரி மின்னும்.

இப்போதும் வெயில் விழுந்தது. ஆனால் பார்க்க யாருக்கும் மனமில்லை.

கீழே, முதல் படியில் எர்மெலிந்தா உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டுக்கும் படியின் இரும்புக் கம்பிக்கும் நடுவில் விலங்கு. அறுபதை நெருங்கும் வயது. விரல் இடுக்குகளில் கழுவினாலும் போகாத நீலம். பழைய ஓடுகளைக் கழற்றி, உப்பு நீக்கி, உடைந்ததைச் சேர்த்துத் திரும்பப் பதிப்பது அவள் தொழில்.

"நீ எதுக்கு வந்தே?" என்றாள் லியோகாடியாவைப் பார்த்து. "நான் யாரையும் கூப்பிடல."

"நீ கூப்பிடல. உன் போட்டிக்காரி ஜெர்த்ரூடெஸ் அனுப்பினா."

"அவளா? அவ அடுப்புல சுட்ட ஓடு பிஸ்கட்டுக்குக்கூட ஆகாது!"

"உன்னைப் பத்தி அதைவிட மோசமா சொன்னா. 'எர்மெலிந்தா திமிர் பிடிச்சவ, வாய் கொழுப்பு, அவ ஜெயிலுக்குப் போனா நான் மெழுகுவத்தி ஏத்துவேன். ஆனா அந்தச் சுவத்துல இருக்கிற மூக்கை அவ வரைஞ்சிருக்க மாட்டா. அவ்வளவு மோசமா அவளால வரைய முடியாது' அப்படின்னா."

எர்மெலிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போதும் குசலம்." சப்-இன்ஸ்பெக்டர் குவாரெஸ்மா படியில் வைத்திருந்த காபிக் கோப்பையை எடுத்தார். "வழக்கு தெளிவா இருக்கு. பொறுமையாரைச் சுத்தம் பண்ண இவ தன் பட்டறைக்குக் கொண்டுபோனா. திரும்பக் கொண்டுவந்து பதிச்சா. பதிச்சது போலி. அசலைச் சுடுறப்ப சூளையில சின்ன மண் முக்காலி மேல வெச்சு அடுக்குவாங்க. அதனால ஒவ்வொரு ஓட்டு முகத்துலயும் மூணு சின்னப் புள்ளி இருக்கும். இதுல ஒண்ணுகூட இல்ல. அசலை வித்துட்டா. இன்னிக்கு இவளை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தறேன். இனிமே நாட்டுல ஒரு சர்ச்சோ அரண்மனையோ இவளைச் சுவர் பக்கம் விடாது."

"நான் பதிச்சது அசல்." எர்மெலிந்தாவின் குரல் உடைந்து, உடனே கூர்மையானது. "சுண்ணாம்புல பதிச்சேன். இங்க பாரு, சிமென்ட்! சிமென்ட் பழைய ஓடுகளைக் கொல்லும். என் வாழ்க்கையில சிமென்ட்டைத் தொட்டதில்ல. அப்புறம் இந்த மரச்சட்டம்! ஓரத்துல வரைஞ்ச இலைக்கொடிதானேடா சட்டம்? அதுக்கு மேல மரத்தை அடிச்சவன் எந்தக் காட்டுமிராண்டி?"

"நான்தான் அடிச்சேன். பாதுகாப்புக்கு," என்றார் பல்தசார். "திருடியெல்லாம் எனக்கு ரசனை சொல்லித் தர வேண்டாம்."

லியோகாடியா சட்டத்தை ஒருமுறை பார்த்தாள். பொறுமையாரின் முழங்காலுக்குக் கீழே ஒரு சதுரம் காலியாக இருந்தது. உள்ளே சாம்பல் நிற சிமென்ட்.

"இங்கே இருந்த ஓடு?"

"தானா விழுந்தது. நான்தான் போலீஸ்ல கொடுத்தேன். அதனாலதான் போலின்னே தெரிஞ்சது." பல்தசார் மீசையை நீவினார்.

"காட்டு, குவாரெஸ்மா."

"எதுக்குக் காட்டணும்?"

"போன தடவை நீ காட்டாம விட்டதால மந்திரியோட மச்சினனைத் தப்பா கைது பண்ணினே. ஞாபகம் இருக்கா?"

குவாரெஸ்மா பல்லைக் கடித்துக்கொண்டு பையிலிருந்து அந்த ஓட்டை எடுத்தார். அவளைச் சுவரோரமாக இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். "பின்பக்கம் பாரு. இதை நான் யார்கிட்டயும் சொல்லல."

ஓட்டின் முதுகில் கறுப்பு மையில் இரண்டே குறி. 'கே' என்று ஓர் எழுத்து. பக்கத்தில் 2 என்று ஓர் எண்.

"வாங்கினவனோட முதலெழுத்து," என்றார் குவாரெஸ்மா பெருமையாக. "கே-ல நம்ம ஊர்ப் பேர் எது இருக்கு? வெளிநாட்டான். ஹாம்பர்க்ல க்ரூகர்னு ஒரு சேகரிப்பாளன் இருக்கான். ஃபோன் போட்டேன். கெட்ட வார்த்தையில திட்டிட்டு வெச்சுட்டான். குத்தமுள்ள நெஞ்சு!"

"காலங்காத்தால தூக்கத்துல எழுப்பினா நானும்தான் திட்டுவேன்," என்றான் சபினோ.

லியோகாடியா சிரிக்கவில்லை. பொறுமையாரின் தொப்பியில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாகக் கீழே விரலை நகர்த்தி, காலிச் சதுரத்தில் நிறுத்தினாள். மேலிருந்து பதினொன்றாவது வரிசை. மிட்டாய் அவள் வாயில் 'கடக்' என்று உடைந்தது. அவளிடம் மிட்டாய் உடைந்தால் வழக்கு உடையும் என்பது சபினோவுக்குத் தெரியும். அவன் வாயை மூடிக்கொண்டான். அது அபூர்வம்.

"எர்மெலிந்தா, ஒரு படத்தைக் கழட்டுறப்ப ஓடு மாறிப்போகாம இருக்க என்ன பண்ணுவே?"

"இதுகூடத் தெரியாம துப்பறிய வந்துட்டா! வரிசைக்கு ஒரு எழுத்து, அந்த வரிசையில எத்தனையாவது ஓடோ அந்த எண். ஓட்டுக்கு ஓடு முதுகுல விலாசம் இருக்கும். முன்னூறு வருஷமா இப்படித்தான்."

"இந்தச் சட்டத்து மேல எழுதிக் காட்டு. மேலேருந்து கீழே."

"கையைக் கட்டிப்போட்டுட்டு எழுதுன்னா? மூக்காலயா எழுதறது?"

"அவிழ்த்து விடு குவாரெஸ்மா. உன் காபி தீர்ற வரைக்கும்."

"இவ ஓடினா?"

"அறுபது வயசுல, இந்த மேட்டுல? டிராமே மூச்சு வாங்கிட்டுதான் ஏறுது," என்றான் சபினோ.

விலங்கு திறந்தது. எர்மெலிந்தா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே மேலங்கிப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தாள். தங்கமுலாமின் மேல் அவள் கிறுக்கத் தொடங்கியதும் பல்தசாரின் முகம் சிவந்தது.

"ஏய்! அது எவ்வளவு பெறுமானம் தெரியுமா?"

"உன் ரசனை அளவுக்குத்தான் பெறும்," என்றபடி அவள் எழுதிக்கொண்டே போனாள். ஒவ்வொரு வரிசைக்கு நேராகவும் ஓர் எழுத்து. ஏ, பி, சி... கை நிற்காமல், யோசிக்காமல். எச், ஐ, ஜே, எல், எம்...

பல்தசார் வெடித்துச் சிரித்தார்.

"பார்த்தீங்களா? அரிச்சுவடிகூடத் தெரியாத ஜென்மம்! ஜே-க்கு அப்புறம் எல்-னு எழுதறா! கே எங்கேடி போச்சு? இந்த லட்சணத்துல இவகிட்ட என் பரம்பரைச் சொத்தை ஒப்படைச்சேன் பாருங்க!"

அவர் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

உதடு வரை போன காபிக் கோப்பை அங்கேயே நின்றது. குவாரெஸ்மா வாய்க்குள் முணுமுணுத்தார். "ஜி, எச், ஐ, ஜே, எல்..." நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுபடி அங்கேயே, எல்-லில் போய் நின்றார்.

"சபினோ, நீ சொல்லு," என்றாள் லியோகாடியா.

"ஜே, எல், எம். எங்க டீச்சர் பிரம்போட சொல்லிக் கொடுத்தது மேடம். போர்ச்சுகீஸ்ல இருபத்திமூணே எழுத்து. கே நம்ம எழுத்தே இல்லையே. கிலோ போடறப்ப மட்டும் வெளிநாட்டுக்காரன்கிட்ட வாடகைக்கு எடுப்போம்."

பல்தசாரின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

"இப்ப... இப்ப இருக்கு! அரசாங்கம் புது உத்தரவு போட்டு அரிச்சுவடியில கே-யைச் சேர்த்துடுச்சு. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித் தர்றாங்க!"

"ஆமா. இப்பத்தான். இந்தக் கூடத்துல இருக்கிற எல்லாரும் அதுக்கு ரொம்ப முன்னாடியே பள்ளிக்கூடம் முடிச்சவங்க. புது எழுத்து எங்க காதுல விழுந்தது, கையில ஏறல. அவ எழுதினதைப் பார்த்து எங்களுக்கு எதுவுமே உறுத்தல. உங்களுக்கு மட்டும் உறுத்திச்சு." லியோகாடியா போலி ஓட்டைத் திருப்பிக் காட்டினாள். "இது மேலேருந்து பதினொண்ணாவது வரிசை. எர்மெலிந்தா எழுதியிருந்தா எல். குவாரெஸ்மா எழுதியிருந்தாலும் எல். இதுல கே இருக்கு. க்ரூகர் இல்ல குவாரெஸ்மா. வெறும் வரிசை எழுத்து."

குவாரெஸ்மாவின் காது மடல் சிவந்தது. "ஹாம்பர்க்குக்கு யாராவது மன்னிப்பு கேட்டு ஃபோன் போடணுமே," என்றான் சபினோ மெல்ல.

"எந்தப் பள்ளிக்கூடம், தோம்?" என்றாள் லியோகாடியா.

"இதே தெரு முனை. பாதிரியார் பள்ளி. ஊருக்கே தெரியும்."

"நான் அங்கதான் படிச்சேன்," என்றார் குவாரெஸ்மா. கோப்பையைப் படியில் வைத்தார். "உங்க வயசுதான் எனக்கும். கே எழுதினா பாதர் முட்டி போட வெச்சிருப்பார். நான் உங்களை அங்க பார்த்ததே இல்லையே."

"சின்ன வயசுலேருந்தே கே எழுதற கை வெளிநாட்டுல வளர்ந்த கை," என்றாள் லியோகாடியா. "நம்ம ஆளுங்க பாதிப் பேர் பிழைக்கப் போன ஊர் எது? பாரிஸ்?"

"வாயை மூடு!" பல்தசார் கத்தினார். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. "எங்கப்பா பாரிஸ்ல முப்பது வருஷம் அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்! மழையில குடை பிடிச்சார்! நான் இந்த வீட்டை வாங்கினேன். இங்க வர்றவன் எனக்குக் குனியணும். சுவத்துல இருக்கிறவன்கூட எனக்குத்தான் குனியணும்!"

"கதவு திறந்த உங்கப்பா மேல ஒரு குத்தமும் இல்ல. நீங்க இவ மேல பழியைச் சாத்தினீங்களே, அதுதான் குத்தம்."

பல்தசார் மூச்சு வாங்கினார். மீசை மறுபடி நேரானது. கண்ணில் தந்திரம் திரும்பியது.

"சரி. நான் பாரிஸ்ல படிச்சேன். அதுக்கு என்ன தண்டனை? எழுத்துக் கணக்கை வெச்சு என்னைத் திருடன்னு சொல்வியா? அசல் எங்கே? வீடு பூரா தேடு. கிணறு தோண்டு. ஒரு ஓடு கிடைச்சா நான் ஜெயிலுக்குப் போறேன். கிடைக்கலைன்னா இவ போகட்டும்."

குவாரெஸ்மா தலையைச் சொறிந்தார். "அது நியாயம்தான். அசல் இல்லாம நான் யாரையும் விடமுடியாது." விலங்கைத் தேடி அவர் கை போனது. எர்மெலிந்தா ஒரு படி பின்வாங்கினாள். சாக்பீஸ் அவள் விரலில் ஒடிந்தது.

"சபினோ," என்றாள் லியோகாடியா, "உள்ளே வர்றப்ப என்ன சொன்னே?"

"தோம் தொண்டையில சிக்கிக்கிச்சுன்னு..."

"அதுக்கப்புறம்."

"கோட்டு கிழிஞ்சது. பொறுமையாருக்குத் தொப்பை..." அவன் வாய் திறந்தபடியே நின்றது. "மேடம்!"

"சுவர்ல இருக்கிறவருக்கு எப்படித் தொப்பை போடும்? எர்மெலிந்தா, அந்தக் காட்டுமிராண்டிச் சட்டத்தைப் பிடுங்கு."

"தொட்டா கையை வெட்டிடுவேன்! என் வீடு! என் சுவர்!" பல்தசார் பாய்ந்தார். குவாரெஸ்மா நடுவில் வந்து நின்றார். அவர் பெரிய உடம்புக்காரர். வாழ்க்கையில் முதல்முறையாக அது லியோகாடியாவுக்கு உபயோகப்பட்டது.

எர்மெலிந்தா பையிலிருந்து சின்ன உளியை எடுத்துச் சட்டத்தின் இடுக்கில் கொடுத்து நெம்பினாள். தங்கமுலாம் மரம் 'கிறீச்' என்று வாயைப் பிளந்து கீழே விழுந்தது. உள்ளே ஓடுகளின் ஓரம் தெரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. மேலே புது வெள்ளை. நடுவில் சாம்பல் சிமென்ட். அதற்கு அடியில் பழைய தேன் நிற மண்ணும், மெல்லிய நீலக் கோடும்.

"தொப்பை இல்ல. சட்டை மேல சட்டை," என்றான் சபினோ.

"இவர் அசலைப் பெயர்த்து விக்கப் பார்த்தார்," என்றாள் லியோகாடியா. "முழங்கால்கிட்ட ஒரு ஓட்டுல உளி வெச்சார். அது தூளாச்சு. பக்கத்துல இருக்கிறது அசையவே இல்ல. அசல் இருந்த இடத்துல பதிக்க வரவழைச்ச போலி ஓடுகள் பெட்டியில காத்திருக்கு. திருட முடியாட்டி என்ன, திருடு போனதா காட்டலாமே! இன்ஷ்யூரன்ஸ் கொடுக்கும், பழி இவளுக்குப் போகும், அசலும் வீட்டை விட்டுப் போகாது. கொத்தனாரைக் கூப்பிட்டா விஷயம் வெளியே போகும். அதனால கதவைச் சாத்திக்கிட்டு தானே எழுத்துப் போட்டு, தானே ஒட்டினார். தூளான ஓடு இருந்த இடத்துல பின்னாடி சிமென்ட் மட்டும்தான். அதனால அந்தப் போலியை மட்டும் தைரியமா எடுத்துப் போலீஸ்ல கொடுத்தார்."

"அசையலையா?" எர்மெலிந்தா மெதுவாகத் திரும்பிப் பல்தசாரைப் பார்த்தாள். அன்று காலை முதன்முறையாக அவள் முகத்தில் ஏதோ வெளிச்சம். "என் சுண்ணாம்பை உன்னால பெயர்க்க முடியலையாடா?"

குவாரெஸ்மா பல்தசாரின் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அது தோம் கை. மெதுவா," என்றான் சபினோ.

எர்மெலிந்தா யாரையும் கேட்கவில்லை. இரண்டு படி ஏறி, பொறுமையாரின் முகத்துக்கு நேராக நின்றாள். உளியை வைத்து ஒரு தட்டு. பளபளப்பின் மேல் சிமென்ட் பிடிக்காது. போலி முகம் அப்பளம் மாதிரி கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. சிமென்ட் தூளை அவள் ஊதினாள். முந்தானை நுனி மாதிரி மேலங்கியின் ஓரத்தை எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

அடியிலிருந்து இன்னொரு முகம் வந்தது. நீலம் இதில் ஒரே நீலம் இல்லை. கண்ணோரத்தில் மழை மேகம், கன்னத்தில் நீர்த்துப்போன விடியல், உதட்டில் கிட்டத்தட்ட கறுப்பு. நெற்றியிலும் தாடையிலும் மூன்று சின்னப் புள்ளிகள். நடுவில், தூரிகையை ஒரே இழுப்பில் இழுத்து விட்ட மூக்கு. லேசாக வளைந்து, லேசாகத் திமிராக.

தெருவில் டிராம் மணி அடித்துக்கொண்டு போனது.

லியோகாடியா புது மிட்டாயைப் பிரித்தாள். "ஜெர்த்ரூடெஸ்கிட்ட என்ன சொல்லட்டும்? நன்றின்னு சொல்லவா?"

"அவளுக்கா? நன்றியா?" எர்மெலிந்தா கையிலிருந்த போலி முகத்தை அசல் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டில் விலங்கு வைத்த சிவப்பு இன்னும் ஆறவில்லை.

"அவ ஓடு மட்டம். வாய் மட்டம். அடுப்பு அதைவிட மட்டம்." போலியைப் படியில் போட்டாள். அது இரண்டாக உடைந்தது. "ஆனா மூக்கு விஷயத்துல அவ சொன்னது சரின்னு சொல்லு."